சிறுநீர் தெளிந்த பிறகும் கண் மஞ்சளாகவே இருப்பது ஏன்?

விசுவமடுவிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வயல் செய்யும் அண்ணாவுக்கு ஒரு மாதத்துக்கு முன் காய்ச்சலும் சத்தியும் வந்தன. பிறகு சிறுநீர் சாயம் கூடிய தேநீர் நிறமாகிக் கண் மஞ்சளித்தது. வைத்தியசாலையில் பிலிரூபின் 9.4 என்றும் ஈரல் நொதியமான எஸ்.ஜி.பி.ரி. 1840 என்றும் வந்தன. 'ஏ' வகை வைரசால் வந்த செங்கண்மாரி என்று சொல்லி, சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பசி எடுக்கிறது, சிறுநீரும் தெளிந்துவிட்டது, ஆனால் கண்ணின் மஞ்சள் போகவில்லை. கடைசி அறிக்கையில் பிலிரூபின் இன்னும் 3.8. கீழ்க்காய்நெல்லி கொடுக்க விடாமல் நீங்கள் மறித்ததால்தான் நோய் ஈரலுக்குள் இறங்கிவிட்டது என்று அம்மா சொல்கிறார். இதற்கிடையில், பிறந்து ஆறு நாளான உங்கள் குழந்தைக்கும் மூன்றாம் நாளிலிருந்து மஞ்சள். மாமனிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றிவிட்டதா என்று வீடே கலங்கியிருக்கிறது. கண்ணின் மஞ்சளை வைத்து ஈரலின் நிலையை அளக்கலாமா என்பது முதல் கேள்வி. ஒரே வீட்டில் தெரியும் இரண்டு மஞ்சளும் ஒரே நோயா என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் 'இல்லை' என்பதே விடை. நான் வைத்தியர் அல்ல. வன்னி வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களில் பல வருடம் குருதியும் சிறுநீரும் பரிசோதித்து ஓய்வு பெற்றவன். உங்கள் அண்ணாவையோ குழந்தையையோ நான் பார்க்கவில்லை. அவர்களைத் தொட்டுப் பார்த்த வைத்தியரின் சொல்லுக்கு மேலாக என் சொல்லை வைக்க வேண்டாம். ஆனால் அந்த அறிக்கையில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன என்பதை என்னால் விளக்க முடியும்.

நமது குருதியிலுள்ள செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழும். வயதானவற்றை மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள விழுங்கு கலங்கள் பிடித்து உடைக்கின்றன. உள்ளே இருக்கும் ஈமோகுளோபினில் புரதம் தனியாகப் போகும். இரும்பு திரும்ப எடுத்துச் சேமிக்கப்படும். இரும்பைச் சுமந்திருந்த வளையம் மட்டும் உடலுக்குப் பயனில்லாத கழிவு. ஒரு நொதியம் அந்த வளையத்தை அறுக்கும்போது முதலில் பச்சை நிறமான பிலிவேர்டின் உருவாகிறது. அடுத்த நொதியம் அதை மஞ்சள் நிறமான பிலிரூபினாக மாற்றுகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மண்வெட்டிப் பிடி இடித்துக் கன்றிப்போன தொடையை நாளுக்கு நாள் பாருங்கள். கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் நடப்பதும் இதே இரசாயனந்தான். வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிரூபின் இப்படி உருவாகிறது. நோயே இல்லாதவரின் உடலிலும் இந்த மஞ்சள் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது. வெளியேறும் வேகம் அதற்கு ஈடாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

புதிதாக உருவான பிலிரூபின் தண்ணீரில் கரையாது. ஆகவே அல்புமின் என்ற குருதிப் புரதத்தின்மேல் ஏறித்தான் ஈரலுக்கு வருகிறது. அல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே விடாது. ஈரல் கலம் அதை உள்ளே இழுத்து, குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகை அமிலத்தை அதனோடு இணைக்கிறது. இப்போது அது தண்ணீரில் கரையும். கரையக்கூடியதானதும் ஈரல் கலம் அதைப் பித்தக் குழாய்க்குள் பம்பு செய்கிறது. இந்தக் கடைசி வேலைதான் முழுப் பாதையிலும் கடினமானது; ஈரல் நோய்ப்படும்போது முதலில் தளர்வதும் அதுதான். பித்தத்தோடு குடலுக்குள் இறங்கும் பிலிரூபினைக் குடல் பற்றீரியாக்கள் மேலும் உடைக்கின்றன. மலத்தின் மண்ணிறம் அதிலிருந்து வருகிறது. அந்தச் சிதைபொருளில் ஒரு சிறு பங்கு திரும்பக் குருதிக்குள் உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு இயல்பான இளமஞ்சளைக் கொடுக்கிறது.

வன்னியில் வளர்ந்தவருக்கு இதைக் குளத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். குளம் நிரம்பி வழிவதற்கு மூன்று காரணம் இருக்கலாம்: வரத்து கூடியிருக்கலாம், துருசு (மதகு) பழுதாகியிருக்கலாம், அல்லது துருசு திறந்திருந்தும் கீழே வாய்க்கால் அடைபட்டிருக்கலாம். செங்குழியங்கள் அளவுக்கு மீறி உடைந்தால் வரத்து கூடும். தலசீமியா போன்ற பரம்பரைக் குருதி நோய்களும், ஒரு காலத்தில் எங்கள் பகுதியை ஆட்டிப்படைத்த மலேரியாவும் இந்த வகை. (இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று வழங்கியது. இளம் வைத்தியர்கள் பலர் அந்த ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கவே மாட்டார்கள்.) வைரசு, கசிப்பு என்ற கள்ளச்சாராயம், அளவு மீறிய பனடோல், காசநோய் மருந்துகளில் சில ஆகியவை ஈரல் கலத்தையே தாக்குபவை. பித்தக்கல், சதையியின் (கணையத்தின்) தலைப்பகுதியில் வரும் புற்றுநோய் போன்றவை குழாயை அடைப்பவை. இவை தவிர, இணைக்கும் நொதியம் பிறப்பிலேயே சற்றுக் குறைவாக உள்ளவர்களும் நம்மிடையே பலர் உண்டு. விரதம் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அவர்களின் கண் சற்று மஞ்சளிக்கும். அதற்கு மருந்தும் தேவையில்லை, பயமும் தேவையில்லை.

மூன்றில் எது என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிலிரூபின் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமைத் தாண்டினால் எந்தக் காரணமானாலும் கண் மஞ்சளிக்கும். பாதையைக் காட்டுபவை சிறுநீரும் மலமும். கரையாத பிலிரூபின் சிறுநீரில் வராது. எனவே வரத்து மட்டும் கூடிய மஞ்சளில் சிறுநீரில் பித்தநிறம் இருக்காது. ஈரல் கலம் இணைத்துவிட்டு வெளியே தள்ள முடியாமல் போனால், கரையும் பிலிரூபின் குருதிக்குள் திரும்பிக் கசிந்து சிறுநீரைக் கறுக்க வைக்கும். அதனால்தான் உங்கள் அண்ணாவுக்குக் கண்ணுக்கு முன்பே சிறுநீர் நிறம் மாறியது. குழாய் முற்றாக அடைபட்டால் மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும், உடம்பெல்லாம் கடிக்கும் (அரிக்கும்). ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறி, மெலிந்து, மலமும் வெளுத்தால் பத்தியம் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே வயிற்றை ஸ்கான் செய்ய வேண்டும்.

மின்சாரமும் இயந்திரமும் இல்லாத நாட்களில் எங்கள் சிறிய ஆய்வுகூடங்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தன தெரியுமா? சிறுநீரைப் பாதிப் போத்தல் எடுத்துக் குலுக்குவோம். நுரை வெள்ளையாக இருந்தால் நிறம் கறுப்பாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது தண்ணீர் குடிக்காததால் வந்த கறுப்பு. நுரையே மஞ்சளாக நின்றால் பித்தம் கலந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு குவளையில் கந்தகத்தூளை மெல்லத் தூவுவோம். சாதாரணச் சிறுநீரில் தூள் மேலே மிதக்கும். பித்த உப்புக் கலந்திருந்தால் மிதக்க முடியாமல் அடிக்கு இறங்கும். பெரிய இயந்திரங்கள் வந்த பிறகு இதையெல்லாம் யாரும் செய்வதில்லை. அதில் எனக்குச் சிறு வருத்தமுண்டு. நுரைப் பரிசோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் விற்றமின் 'பி' குளிசை எடுப்பவரின் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாக வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இனி உங்கள் அண்ணாவின் கண்ணுக்கு வருகிறேன். பிலிரூபின் நாட்கணக்கில் குருதியில் தேங்கி நிற்கும்போது, இணைக்கப்பட்ட பிலிரூபினில் ஒரு பகுதி அல்புமினோடு விடுவிக்க முடியாத இரசாயனப் பிணைப்பைப் போட்டுக்கொள்கிறது. ஈரல் பின்பு முழுமையாகத் தேறினாலும் இந்தப் பகுதியை அதனால் பிடித்து வெளியேற்ற முடியாது. அல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரகத்தாலும் முடியாது. அந்த அல்புமின் வயதாகி அழியும்போதுதான் இதுவும் போகும்; அல்புமினின் பாதி அழியவே ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கும். இயந்திரம் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் இணைக்கப்பட்ட பிலிரூபினைக் குறிக்கும் 'நேரடி பிலிரூபின்' என்ற வரியிலேயே சேர்த்துக் கணக்கிடும். போதாததற்கு, கண்ணின் வெண்படலத்தில் உள்ள இழைகள் பிலிரூபினை இறுகப் பற்றிக்கொள்பவை. ஆகவே சிறுநீர் தெளிந்து, பசி திரும்பி, நொதியம் இறங்கிய பிறகும் கண் வாரக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதும் இதே ஒழுங்குதான்: எஸ்.ஜி.பி.ரி. 1840 இலிருந்து 96 ஆகியிருக்கிறது, சிறுநீர் தெளிந்திருக்கிறது, சாப்பிடுகிறார். ஈரல் பழுதாகிக்கொண்டிருப்பவரின் கதை இப்படி இருக்காது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நொதியம் இறங்குவது மட்டும் நல்ல செய்தியாகிவிடாது. அழிய வேண்டிய கலமெல்லாம் அழிந்து, அழிய இன்னும் எதுவும் மிச்சமில்லாத நிலையிலும் அது இறங்கும். ஈரலின் வேலைத்திறனைக் காட்டும் பரிசோதனை வேறு: குருதி உறைய எடுக்கும் நேரம். உறைவுக்கு வேண்டிய காரணிகளில் பெரும்பாலானவற்றை ஈரல்தான் செய்கிறது. அவற்றில் சில மணிக்கணக்கிலேயே தீர்ந்துவிடுபவை. ஈரல் படுத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த நேரந்தான். அறிக்கையில் 'ஐ.என்.ஆர்.' என்ற எழுத்துகளுக்கு நேரே 1 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் நிம்மதியடையலாம். பிலிரூபின் 15 ஆக இருந்து ஐ.என்.ஆர். சரியாக உள்ளவரைவிட, பிலிரூபின் 6 ஆக இருந்து ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டு போகிறவரையே நான் அஞ்சுவேன். அதேபோல் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுத் தடுமாறுவது, முரசில் (ஈறில்) இரத்தம் கசிவது ஆகியவை கண்ணின் நிறம் எப்படியிருந்தாலும் ஆபத்தான அறிகுறிகள்.

வயல் செய்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் அண்ணாவின் எண்கள் அப்படிக் காட்டவில்லை. ஆனால் காலபோகத்தில் வரம்பு கட்டிச் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொடவே முடியாத உளைவு, கண் சிவப்பு, அதன்பின் மஞ்சள் என்று வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சல். அதில் பிலிரூபின் வானத்துக்கு ஏறும், ஆனால் எஸ்.ஜி.பி.ரி. பெரும்பாலும் இருநூறைக்கூடத் தாண்டாது. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியற்றினின் கூடவே ஏறும். இந்த மூன்றும் சேர்ந்த அறிக்கையை எழுதும்போது நாங்கள் தபாலுக்குக் காத்திராமல் நேரே விடுதிக்கு ஓடிப்போய்ச் சொல்வோம். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பேசப்பட்டு உயிர்களைப் பறித்ததும் இந்த நோய்தான். இதற்கு மருந்து உண்டு. நேரத்தோடு கொடுக்க வேண்டும். எல்லா மஞ்சளையும் செங்கண்மாரி என்று பெயரிட்டுப் பார்வை பார்க்கவும் இலை அரைக்கவும் ஓடுவதால் கெடுவது அந்த நேரம். எலிக்காய்ச்சலைத் தடுக்க விதைப்புக் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையை வாங்கிப் பரணில் போட்டுவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் கீழ்க்காய்நெல்லியைப் பற்றி நான் ஏளனமாக எதுவும் சொல்லமாட்டேன். 1988 இல் சென்னை ஆய்வாளர்கள் இந்தச் செடியைக் கொடுத்து 'பி' வகை வைரசைத் தாங்கியிருந்தவர்கள் பலரின் குருதியிலிருந்து அது மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகள் அந்தப் பலனைக் காட்டவில்லை. எனவே 'பி' வகைக்கு அது ஐயத்துக்குரியது. 'ஏ' வகைக்கோ மருந்தே தேவையில்லை. அது நாட்பட்ட நோயாக மாறுவதுமில்லை. உடல் தானே அதைத் துரத்திவிடும். தானே மாறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குத்தான் பேர் கிடைக்கும். ஆகவே இலைச்சாறு கொடுக்காததால் நோய் ஈரலுக்குள் இறங்கியது என்பது சரியல்ல. 'ஏ' வகை வைரசு முதல் நாளிலிருந்தே ஈரலுக்குள்தான் இருந்தது. என்னைக் கவலைப்பட வைப்பது, எதெதுவோ கலந்த பெயர் தெரியாத கசாயங்களும் கடும் பத்தியமும். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, உப்புக் கூடாது என்று மெலிய வைத்தால் ஈரல் வேகமாகத் தேறும் என்பதற்கு ஆதாரமில்லை. குமட்டல் இல்லையென்றால் சோறும் மீன்குழம்பும் தாராளமாகச் சாப்பிடட்டும். கள்ளும் சாராயமும் கசிப்பும் மட்டும் வைத்தியர் சொல்லும்வரை கிட்டவே வரக் கூடாது. பனடோலும் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

குழந்தையின் மஞ்சள் முற்றிலும் வேறு கதை. 'ஏ' வகை வைரசு உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஆகக் குறைந்தது 15 நாளாகும். பிறந்து மூன்றாம் நாளில் மஞ்சளித்த குழந்தைக்கு மாமனிடமிருந்து தொற்றியிருக்க வழியே இல்லை. பிறந்த குழந்தைக்குச் செங்குழியங்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. இணைக்கும் நொதியமோ பிறக்கும்போது மிகச் சொற்பம். வரத்து கூடவும் துருசு இன்னும் முழுதாகத் திறக்காமலும் இருப்பதால் இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தோன்றி, நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது இயல்பு. ஆனால் அண்ணாவின் உடலில் ஏறியது கரையும் பிலிரூபின். குழந்தைக்கு ஏறுவது கரையாத வகை. அது அளவு மீறினால் மூளைக்குள் புகுந்து நிரந்தரமாகப் பாதிக்கும். அண்ணாவுக்கு 9.4 ஒரு பெரிய செய்தியல்ல. குழந்தைக்கு எந்த எண் ஆபத்து என்பது பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை மாதத்தில் பிறந்தது, தாய் பிள்ளை இருவரின் குருதி வகை என்ன என்பதைப் பொறுத்தது. அதைக் குழந்தை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீல ஒளியின் கீழ் குழந்தையை வைப்பது எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். ஒளி பட்டால் கரையாத பிலிரூபின் இணைக்கப்படாமலேயே கரையும் வடிவத்துக்கு மாறும். 1956 இல் இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையில், ஒரு குழந்தையிடமிருந்து எடுத்து, வெயில் விழும் யன்னலோரம் மறந்து வைக்கப்பட்ட குருதி மாதிரியில் பிலிரூபின் வெகுவாகக் குறைந்திருந்ததும், வெளிச்சத்தில் கிடத்திய குழந்தைகளின் மஞ்சள் வெளிறியதை அங்கிருந்த தாதியொருவர் கவனித்ததும் சேர்ந்துதான் இந்த வைத்தியத்துக்கு வழி திறந்தன. அதனாலேயே குழந்தைகளின் குருதி மாதிரியை நாங்கள் கறுப்புத்தாளில் சுற்றி வைப்போம்; யன்னலோரம் வைத்தால் எண் பொய் சொல்லும். அப்படியானால் காலை இளவெயில் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தத்துவம் ஒன்றுதான், ஆனால் வெயிலில் அளவு இல்லை. பிள்ளைக்குத் தோல் வேகும் அல்லது உடல் குளிரும். ஏறிக்கொண்டிருக்கும் மஞ்சளுக்கு வெயிலை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். குளுக்கோசுத் தண்ணீர் வேண்டாம். பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, மஞ்சள் கால்வரை இறங்கினாலோ அன்றே கொண்டுபோங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால், முக்கியமாக மலம் வெளுத்திருந்தால், வீட்டுக்கு வரும் மருத்துவமாதிடம் அந்த அணையாடையைக் காட்டுங்கள். பித்தக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் அரிதாக உண்டு. அந்தச் சத்திரசிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

வீட்டில் மற்றவர்களுக்கு இனித் தொற்றுமா என்றால், 'ஏ' வகை மஞ்சள் தெரிவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே மலத்தில் வெளியேறும். மஞ்சள் தெரிந்து ஒரு வாரத்துக்குப் பின் பெரிதும் ஓய்ந்துவிடும். அண்ணாவின் கோப்பையைத் தனியே வைக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் பரவியதும் இதே வகைதான். நெரிசலும் மலம் கலந்த தண்ணீருமே அதற்கு வழி. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டிக் குளோரின் போடச் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அண்ணாவுக்கு இனிச் செய்ய வேண்டியது கொஞ்சந்தான். காலையில் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சிறுநீரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் சிலருக்கு ஒரு முறை அடங்கி மீண்டும் கிளம்பும். அப்படியானால் சிறுநீர் திரும்பக் கறுக்கும், அப்போது கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மற்றபடி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி குருதி கொடுக்கும்போது, முன்னைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய், பிலிரூபினோடு எஸ்.ஜி.பி.ரி.யும் ஐ.என்.ஆரும் பார்க்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 'பி' வகைக்கான பரிசோதனை முதலில் செய்யப்பட்டதா என்பதையும் அதே சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். செய்யப்படாவிட்டால் அந்த நாளிலேயே செய்துவிடலாம்.